வெள்ளச்சிக்கு வெயில் ஆகாது

மஞ்சக்குப்பத்தில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருக்கும் தங்கராசுவைப் பற்றி அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். அவர் கடை அண்டாவில் ஓட்டை இருக்காது. அவர் சொல்கிற கதையிலும் ஓட்டை இருக்காது. மூன்றாவது ஒன்றும் உண்டு, அதை அவர் எதிரில் சொல்ல மாட்டார்கள். வெயில் நேரத்தில் அந்த மனுஷன் காரில் மட்டும் ஏறிவிடாதே என்பார்கள்.

காருக்குப் பெயர் வெள்ளச்சி. முப்பது வருஷத்துக்கு மேல் ஆன பெட்ரோல் வண்டி. மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு டாக்டர் வைத்திருந்தார். அவர் புதுசு வாங்கியபோது இது தங்கராசு கைக்கு வந்தது. உருண்டையான பின்புறம், கதவைச் சாத்தினால் பீரோவைச் சாத்துகிற சத்தம். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்டுகிற முள் எந்தக் காலத்திலோ செத்துப் போயிருந்தது. அதற்குப் பதில் டிக்கியில் ஒரு வேப்பங்குச்சி கிடக்கும். வண்டி நின்றால் தங்கராசு முதல் காரியமாகப் பின்னால் போய் டேங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டு ஆழம் பார்ப்பார். மூடியைத் திருகும்போது புஸ்ஸென்று ஒரு சத்தம் வரும். "பாவம், வெள்ளச்சி பெருமூச்சு விடுறா" என்று கூட இருப்பவர்களிடம் சொல்வார். அப்புறம் மூடியைப் போட்டுவிட்டு முன்னால் வந்து பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு கதையை ஆரம்பிப்பார். கதை முடிந்ததும் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பிவிடும். கதைக்கு அப்படி ஒரு சக்தி இருப்பதாக அவரே பாதி நம்பியிருந்தார்.

கார்த்திகை, மார்கழியில் வெள்ளச்சியைப் போல ஒரு வண்டி கிடையாது. மழையோ பனியோ, கொள்ளிடம் வரைக்கும் குதிரையாகப் போவாள். பங்குனி பிறந்துவிட்டால் அவளுக்கு ஒரு நோவு வந்துவிடும். காலையில் ஒழுங்காக ஓடுகிறவள், உச்சி வெயிலில் ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் இருமுவாள், விக்குவாள், நின்றுவிடுவாள்.

சிதம்பரம் ரோட்டில் அவள் எங்கே நின்றாலும் அந்த இடத்தைப் பற்றிச் சொல்லத் தங்கராசுவிடம் ஏதோ ஒன்று இருந்தது. புதுச்சத்திரம் பக்கத்தில் நின்றால், "இந்த எடத்து நுங்கு ஜில்லாவுல வேற எங்கயும் கெடையாது, அதுக்குத்தான் ஓரங்கட்டினேன்" என்பார். பரங்கிப்பேட்டை பிரியும் இடத்தில் நின்றால், "கடக்காத்து வர்ற நேரம், ரெண்டு நிமிஷம் மூஞ்சியக் காட்டுங்க, ஒடம்புக்கு நல்லது" என்பார். ஒருமுறை ஒரு மரம்கூட இல்லாத பொட்டல்வெளியில் நின்றபோது, கூட வந்த பாங்க் மேனேஜரிடம் "எப்பப் பாத்தாலும் ஓடிக்கிட்டே இருக்கீங்க சார், கொஞ்சம் நின்னு மூச்சு வாங்குங்க" என்றார். அந்த மனுஷனும் தலையாட்டிக்கொண்டு மூச்சு வாங்கினார்.

இவை எல்லாம் சின்னப் புளுகு. பெரிய புளுகு ஒன்று இருக்கிறது. அது காலும் கையும் முளைத்து, தகரக் கூரையும் போட்டுக்கொண்டு, இன்றைக்கும் ரோட்டோரம் உட்கார்ந்திருக்கிறது.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதக் கல்யாணம். தாலி கட்டி முடிந்த கையோடு பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு தங்கராசு சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு வந்துகொண்டிருந்தார். கூடவே மாப்பிள்ளையின் அத்தை. பெண்ணாடத்துக்காரி, நாக்கு கரும்பு வெட்டுகிற கத்தி. புதுச்சத்திரம் தாண்டி, ஆலப்பாக்கம் வருவதற்குள் ஒரு புளியமரத்தடியில் வெள்ளச்சி விக்கி நின்றாள். முன்னெல்லாம் கோடைக்கு ஒருமுறை இருமுறைதான் அப்படி நிற்பாள். அது அன்றைக்கு என்று வாய்த்தது.

"நல்ல காரியத்துக்குப் போவும்போது வண்டி நிக்குதே, இது என்னா சகுனம்?" என்று சொல்லிவிட்டு அத்தை அந்தப் பெண்ணை ஒரு பார்வை பார்த்தாள். பெண்ணின் முகம் சுண்டிப் போய்விட்டது. கழுத்தில் மாலை வாடவில்லை, அதற்குள் பழி வந்துவிட்டது. தங்கராசுவுக்குப் பொறுக்கவில்லை. அவருக்கும் ஒரு பெண் இருக்கிறாள் அல்லவா?

"நின்னுதுன்னு யாரு சொன்னா?" என்றார். "நான் நிறுத்தினேன். இங்க அம்மன் இருக்கா. வழிமறிச்ச அம்மன். புதுசா தாலி கட்டின ஜோடி இவளக் கும்புடாமத் தாண்டினா பொண்ணு வீட்டுக்கு ஒண்ணும் ஆவாது. மாப்ள வீட்டுக்குத்தான் ஆவாது."

"எங்கய்யா அம்மன்?"

சொன்னது சொல்லியாகிவிட்டது. தங்கராசு சுற்றுமுற்றும் பார்த்தார். மரத்தடியில் ஒரு கிலோமீட்டர் கல் நின்றது. மேல் பாதிக்கு மஞ்சள் பெயிண்ட். மஞ்சள் பூசுகிற வேலையைச் சர்க்காரே பாதி முடித்து வைத்திருந்தது. அவர் அதைப் பார்த்துக் கையை நீட்டினார். முதல் ஆளாகச் செருப்பைக் கழற்றியது அந்த அத்தைதான்.

அந்தப் பெண்ணுக்கு மறுவருஷமே ஆண் குழந்தை பிறந்தது. அத்தை ஊரெல்லாம் சொன்னாள். கல்லுக்கு ஒரு பாவாடை வந்தது, பிறகு சூலம் வந்தது. காடாம்புலியூர் பக்கத்து முந்திரி வியாபாரி ஒருவர் தகரக் கூரை போட்டுக் கொடுத்தார். லாரிக்காரர்கள் எலுமிச்சம்பழம் வைக்க ஆரம்பித்தார்கள். பெரிய ரோட்டை நாலு வழியாகப் போட்ட பிறகும் பலர் அம்மனுக்காகவே பழைய ரோட்டில் வந்தார்கள். தங்கராசுவால் உண்மையைச் சொல்லவும் முடியவில்லை, சிரிப்பை அடக்கவும் முடியவில்லை.

எல்லாரையும் விடப் பெரிய பக்தை அவர் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். மனைவி ஞானாம்பாள். மாதம் தவறாமல் அங்கே போய்ச் சந்தனம் சாத்தி, மிச்சச் சந்தனத்தைக் கிண்ணத்தில் கொண்டுவருவாள். வெள்ளிக்கிழமை தோறும் வெள்ளச்சிக்கு அபிஷேகம் நடக்கும். முன்னால் விளக்கு இரண்டுக்கும், கைப்பிடிகளுக்கும், நம்பர் பலகைக்கும், பின்னால் டேங்க் மூடிக்கும் கட்டை விரலால் அப்பி, நடுவில் குங்குமம் வைப்பாள். முன்பு ஆயுத பூஜைக்கு மட்டும் வைத்தது இப்போது வாரா வாரம் ஆயிற்று. வெள்ளச்சி நிற்பதும் ஜாஸ்தி ஆயிற்று.

"பாத்தீங்களா, அம்மன் எதையோ கேக்குறாங்க" என்பாள் ஞானாம்பாள். அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் கொஞ்சம் தாராளமாக அப்புவாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் வினோதினிக்கு ஏழாம் மாதம் வந்தது.

வினோதினி ஒரே மகள். சிதம்பரத்தில் எண்ணெய்க் கடை வைத்திருக்கும் குடும்பத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை சிவசங்கர் தங்கமான பையன். கடையில் கல்லாவில் உட்கார்வது அவன் அம்மா தில்லையம்மாள். அவரிடம் பொய் சொல்லி ஒரு லிட்டர் எண்ணெய் கடன் வாங்கியவன் கிடையாது. ஆளை ஏற இறங்கப் பார்த்தால் போதும், வந்தவனுக்கே உண்மை வாயில் வந்துவிடும். தங்கராசு இந்த ஜில்லாவில் பயப்படுகிற ஒரே ஆத்மா அவர்தான்.

வைகாசியில் வளைகாப்பு என்று நாள் குறித்தார்கள். வளையல் அடுக்கி முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். அதைப் பேசத் தில்லையம்மாள் போன் செய்தார்.

"பொண்ண நீங்க கூட்டிட்டுப் போறதுதான் மொற, சம்மந்தி. நான் மறுக்கல. ஆனா அந்தக் கார்ல வேணாம். சிவசங்கர் ஏசி கார்ல கொண்டாந்து விட்டுருவான்."

"வெள்ளச்சிக்கு என்னா சம்மந்தி கொறச்சல்?"

"அதுக்கு ஒரு கொறையும் இல்ல. நடுவெயில்ல அது பாட்டுக்கு நின்னுடும், நீங்க பாட்டுக்குக் கதை சொல்லுவீங்க. புள்ளத்தாச்சி என்னா பண்ணுவா?"

 அந்தம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் அவருக்கு ரொம்ப வலித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றி வினோதினியை வீட்டுக்குக் கொண்டுவந்தது வெள்ளச்சியில்தான். ஸ்கூலுக்கு, காலேஜுக்கு, எல்லாவற்றுக்கும் இவள்தான். கல்யாணத்தன்றைக்கு மட்டும் மாப்பிள்ளை வீட்டுக் காரில் ஏறிப் போனாள். அன்றைக்கு ராத்திரி தங்கராசு காலியான பின் சீட்டைத் துடைத்துக்கொண்டே அழுதார். பேரக் குழந்தையைச் சுமந்துகொண்டு பெண் வீட்டுக்கு வரும்போதாவது தன் வண்டியில் தன் கையால் அழைத்து வர வேண்டும். வேறு ஒன்றும் அவர் கேட்கவில்லை.

மகளும் போனில் அதையே சொன்னாள். "அப்பா, நான் வெள்ளச்சியிலதான் வருவேன். அதுக்குள்ள நீ அதச் சரி பண்ணு. என்கிட்ட கதை விடாத."

சரி பண்ணத்தான் சார்லஸ் இருக்கிறானே. கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில், ஷெட் வைத்திருக்கும் சார்லஸ், பழைய வண்டி என்றால் சோறு தண்ணி மறந்துவிடுகிற ஆள். ரேடியேட்டரைக் கழுவினான். தீப்பொறி தருகிற காயிலை மாற்றினான். கார்புரேட்டரைப் பிரித்து மேய்ந்தான். பெட்ரோல் பம்புக்குப் புது ரப்பர் போட்டான். காலையில் ஓட்டிப் பார்த்தால் வெள்ளச்சி சமர்த்தாக ஓடினாள். மத்தியானம் ஓட்டினால் ஆலப்பாக்கத்தில் நின்றாள்.

கடைசியில் சார்லஸே உச்சி வெயிலில் கூட வந்தான். வண்டி நின்றதும் பானெட்டைத் திறந்து, பெட்ரோல் வடிகட்டுகிற சின்னக் கண்ணாடிக் குப்பியைக் காட்டினான். உள்ளே குமிழ் குமிழாக வந்தது.

"பாருங்கண்ணே, பெட்ரோல் கொதிக்குது. சூட்டுல பைப்புக்குள்ளயே ஆவியாப் போவுது. பம்பு வெறும் காத்த இழுத்துட்டுக் கெடக்குது."

"அப்படின்னா இந்த வெயில்ல எல்லாப் பழைய வண்டியும் நிக்கணுமேடா?"

சார்லஸ் தலையைச் சொறிந்தான். "அதாண்ணே எனக்கும் புரியல. பெட்ரோல யாரோ பின்னாலேருந்து புடிச்சு இழுக்குற மாதிரி இருக்குது."

அவன் ஈரத் துணியைப் பிழிந்து பம்பு மேல் சுற்றினான். அந்த நேரத்தில் தங்கராசு வழக்கம்போலப் பின்னால் போய் மூடியைத் திறந்து, புஸ்ஸைக் கேட்டு, குச்சி விட்டுப் பார்த்துவிட்டு வந்தார். சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. "கண்டுபுடிச்சிட்டோம்ணே! ஈரத்துணிதான் மருந்து!" என்று சார்லஸ் குதித்தான். இருவரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். மறுநாள் கிளம்பும்போதே ஈரத்துணி சுற்றிக்கொண்டு போனார்கள். வெள்ளச்சி அதே ஆலப்பாக்கத்தில் நின்றாள். இன்னும் கொஞ்ச தூரம் போய் நின்றிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

தங்கராசு முகம் தொங்கிப்போய் வீட்டுக்கு வந்தார். ஞானாம்பாள் விஷயத்தைக் கேட்டாள். "சார்லஸ் என்னா பண்ணுவான் பாவம். நான் பாத்துக்குறேன்" என்று சந்தனக் கட்டையை எடுத்து அரைக்க உட்கார்ந்தாள்.

வளைகாப்பு அன்று விடியற்காலையில் கிளம்பினார்கள். குளிர்ந்த காற்றில் வெள்ளச்சி ஒரு முணுமுணுப்புகூட இல்லாமல் போனாள். நடுவில் அம்மனிடம் நிறுத்திக் கற்பூரம் ஏற்றிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் சிதம்பரம் சேர்ந்துவிட்டார்கள். வாசலில் நின்ற தில்லையம்மாள் சம்பந்தியைப் பார்ப்பதற்கு முன்னால் வண்டியைத்தான் பார்த்தார்.

"வந்துடுச்சே!" என்றார்.

"வராம என்னா சம்மந்தி, பறந்துல்ல வந்துது."

"காலையில யாரு வேணா பறக்கலாம்."

வளைகாப்பு நன்றாக நடந்தது. இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல், கன்னம் நிறையச் சந்தனம், ஐந்து வகைச் சாதம். வினோதினி வளையலைக் குலுக்கிக் குலுக்கிச் சிரித்தாள். தங்கராசுவுக்கு ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை. கிளம்ப நல்ல நேரம் உச்சிப் பொழுதில்தான் இருந்தது. ஐயர் குறித்துக் கொடுத்த நேரம், அதை மாற்றச் சொல்லவும் முடியாது. வெளியே தார் ரோடு தகதகவென்று காய்ந்தது.

"நான் அப்பா கார்லதான் போவேன் அத்தே" என்று வினோதினி மாமியாரிடம் சொல்லிவிட்டாள். புள்ளத்தாச்சி ஆசைப்பட்டதை மறுக்கத் தில்லையம்மாளுக்கும் மனசு வரவில்லை. யோசித்துவிட்டு எல்லார் எதிரிலும் சொன்னார்.

"சரி. நானும் அதுலயே வரேன். சிவசங்கர் பின்னாலேயே வரட்டும். வழியில ஒரு எடத்துல வண்டி நின்னாலும் என் மருமவ அங்கயே எறங்கி ஏசி காருக்கு மாறிடுவா. அப்புறம் இந்த வண்டிய நீங்க எங்க வாசலுக்குக் கொண்டாரவே கூடாது சம்மந்தி. பேரப்புள்ளையப் பாக்கறதா இருந்தாலும் பஸ்ல வாங்க. சம்மதமா?"

"சம்மதம்" என்றார் தங்கராசு. 

ஞானாம்பாளுக்குக் கணவர் முகத்தைப் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. வளைகாப்புச் சந்தனம் வெள்ளிக் கிண்ணத்தில் பாதி மிச்சம் இருந்தது. கிண்ணத்தோடு இறங்கிப் போய், விளக்குக்கு ஒன்று, கைப்பிடிக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டே வந்து, மீதி அத்தனையையும் டேங்க் மூடி மேல் வழித்து அப்பினாள். பழைய காய்ந்த சந்தனத்துக்கு மேல் புதுச் சந்தனம் அடை மாதிரி உட்கார்ந்தது. "தாயே, மானத்தக் காப்பாத்து" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

வண்டி கிளம்பியது. ஞானாம்பாள் முன்னால், வினோதினியும் தில்லையம்மாளும் பின்னால். ஜன்னல் வழியாக அனல் அடித்தது. தில்லையம்மாள் ஒரு கையால் மருமகளுக்கு விசிறிக்கொண்டே, கண்ணாடியில் தங்கராசுவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். முட்லூர் தாண்டியது. தண்ணீர் பாட்டில் வாங்கச் சிவசங்கர் ஒரு கடையில் நிறுத்திவிட்டுப் பின்தங்கினான். புதுச்சத்திரம் தாண்டியது. தங்கராசு மனசுக்குள் வெள்ளச்சியிடம் கெஞ்சிக்கொண்டே ஓட்டினார். கண்ணே, ராசாத்தி, இன்னிக்கு ஒரு நாள் மட்டும்.

வெள்ளச்சி இருமினாள்.

தங்கராசு தானும் பெரிதாக இருமி அதை மறைத்தார். அவள் மறுபடி இருமினாள். அவரும் இருமினார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல சளி புடிச்சிருக்குது போல" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

தூரத்தில் புளியமரம் தெரிந்தது. தகரக் கூரை வெயிலில் மின்னியது. அந்தப் புளியமரத்தை அவர் தன் வாழ்நாளில் அவ்வளவு ஆசையாகப் பார்த்ததில்லை. கியரை நியூட்ரலில் தள்ளினார். எஞ்சின் விக்கிச் செத்தது. வண்டி ஓடிய வேகத்தில் உருண்டு, மெல்ல மெல்ல வந்து, அளந்து வைத்த மாதிரி அம்மன் எதிரில் நின்றது.

"வழிமறிச்ச அம்மன்!" என்று இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துக் கும்பிட்டார். "கும்புடாமத் தாண்டலாமா?"

"அதானே! எறங்குடி கண்ணு" என்று ஞானாம்பாள் மகளைக் கைத்தாங்கலாக மரநிழலுக்கு அழைத்துக்கொண்டு போனாள். தில்லையம்மாள் அசையவில்லை.

"நின்னுதா, நிறுத்துனீங்களா?"

"நிறுத்தினேன் சம்மந்தி."

"அப்ப சாவியத் திருப்புங்க, பாப்போம்."

தங்கராசு திருப்பினார். எஞ்சின் கர்ரு கர்ரென்று சுற்றியது, பற்றவில்லை. அவர் இறங்கினார். பின்னால் போய் டிக்கியிலிருந்து குச்சியை எடுத்து மூடியைத் திருகினார்.  புஸ்ஸ்ஸென்று என்றைக்கும் இல்லாத நீளத்துக்கு ஒரு சத்தம் வந்தது.

கார்க் கதவு திறந்தது. "என்னா சத்தம் அது?" என்று தில்லையம்மாள் இறங்கி வந்தார்.

"ஒண்ணுமில்ல சம்மந்தி. வெள்ளச்சி பெருமூச்சு விடுறா."

"பெருமூச்சா? வெளிய வர்ற காத்தா, உள்ள போற காத்தா?"

இத்தனை வருஷத்தில் தங்கராசு அதை யோசித்ததே இல்லை. தில்லையம்மாள் மூடியை அவர் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே காய்ந்த சந்தனமும் குங்குமமுமாக ஒரு விரல்கடை கனத்துக்கு ஏறியிருந்தது. புதுச் சந்தனம் அதற்குள் வெயிலில் இறுகியிருந்தது. உட்பக்கம் பார்த்தார். நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு ஓட்டை. கண்ணை இடுக்கிக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்தார். வெளிச்சம் தெரியவில்லை.

"சம்மந்தி, எண்ண டின்னுல ஊத்தறதுக்கு எத்தினி ஓட்ட போடுவாங்க?"

"ரெண்டு."

"ஏன் ரெண்டு?"

"ஒண்ணு எண்ண வர்றதுக்கு. ஒண்ணு காத்து..." தங்கராசு அப்படியே நின்றார்.

"ஒரு ஓட்டதான் போட்டா எண்ண கொஞ்ச நேரம் வரும். அப்புறம் டின்னு உள்ள இழுத்துக்கும், சொட்டு வராது. உங்க டேங்கும் அப்படித்தான் மூச்சு முட்டிக் கெடக்குது. குளுந்த நேரத்துல எப்படியோ சமாளிச்சுடும், வெயில்ல முடியாது." அவர் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, சந்தனத்தைச் சுரண்டி, ஓட்டையைக் குத்திவிட்டார். சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. தங்கராசுவுக்கு இப்போதுதான் எல்லாம் விளங்கியது. மழைக்காலத்தில் இந்தச் சந்தனம் கரைந்து ஓடிவிடும், வெள்ளச்சி குதிரையாகப் போவாள். நின்றபோதெல்லாம் தானே மூடியைத் திறந்து வைத்தியம் பார்த்துவிட்டு, பெருமையைக் கதைக்கும் ஈரத்துணிக்கும் கொடுத்திருக்கிறார். அவருக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"யாரு இப்படி அப்புனது?" என்றார் தில்லையம்மாள்.

 தங்கராசுவின் பார்வை மரத்தடிக்குப் போய்விட்டுத் திரும்பியது. தில்லையம்மாளும் அங்கே பார்த்தார். ஞானாம்பாள் மகள் வயிற்றில் கையை வைத்து, கண்ணை மூடி, உதடு துடிக்க வேண்டிக்கொண்டிருந்தாள். காற்றில் அம்மனின் பாவாடை ஒதுங்கியது. கல்லின் அடியில் 'கடலூர்' என்று கறுப்பு எழுத்து எட்டிப் பார்த்தது.

தில்லையம்மாள் அந்த எழுத்தைப் படித்தார். தங்கராசுவை ஏற இறங்கப் பார்த்தார்.

"இந்த அம்மனயும் நீங்கதான் இங்க நிறுத்தினீங்களா?"

"ஒரு பொண்ணு அழுதுடும் போல இருந்துச்சு சம்மந்தி. அதான்" என்றார் தங்கராசு. அவர் வாழ்க்கையில் இவ்வளவு சின்னதாக ஒரு பதில் சொன்னதில்லை.

அதற்குள் ஞானாம்பாள் வந்துவிட்டாள். கையில் அம்மன் பாதத்திலிருந்து எடுத்த புதுச் சந்தனம், உருண்டை உருண்டையாக. நேராகத் தில்லையம்மாள் கையில் இருந்த டேங்க் மூடியை நோக்கி வந்தாள். "ஐயோ, சந்தனம் உதுந்துபோச்சே! இருங்க, நல்லா வெச்சுவிடறேன்."

 உன் சந்தனம்தான் இத்தனை வருஷமாக வண்டியை நிறுத்தியது என்று எப்படிச் சொல்வது? அவள் உடைந்துபோவாள். ஆயிரம் கதை சொன்ன வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. அவள் கட்டை விரல் மூடிக்குப் பக்கத்தில் போய்விட்டது.

"சம்மந்தி, நில்லுங்க!" என்றார் தில்லையம்மாள்.

ஞானாம்பாள் திடுக்கிட்டு நின்றாள்.  எண்ணெயில் கலப்படமும் பேச்சில் பொய்யும் அறியாத அந்த அம்மாளின் முகம் சிவந்துபோனது.

"மாசமா இருக்குற பொண்ணு ஏறுற வண்டியில தொறக்குற எடத்த அடைக்கக் கூடாது. எங்க பக்கத்துல அது ஒரு ஐதீகம். வழி தொறந்து இருந்தாத்தான் பிரசவம் செரமம் இல்லாம ஆவும். இப்பத்தான் அம்மன் என் மனசுல சொன்னா."

"அய்யய்யோ!" என்று ஞானாம்பாள் பதறினாள். முந்தானையை எடுத்து மூடியில் மிச்சம் இருந்த சந்தனத்தைத் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். "தெரியாமப் பண்ணிட்டேனே தாயே! இனிமே செத்தாலும் இங்க வெக்க மாட்டேன்." கன்னத்தில் மாறி மாறிப் போட்டுக்கொண்டாள்.

"வெளக்குக்கு வைங்க, வேணாங்கல" என்றார் தில்லையம்மாள் அவசரமாக.

தங்கராசு வாயைப் பிளந்துகொண்டு நின்றார். தன் தொழிலில் இப்படி ஒரு கை இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டதே!

புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஏசி கார் வந்து நின்றது. சிவசங்கர் கண்ணாடியை இறக்கினான். "என்னாம்மா, நின்னுடுச்சா? வினோ, வந்து ஏறு."

 வினோதினி அப்பாவைப் பார்த்தாள். தங்கராசு தில்லையம்மாளைப் பார்த்தார். தில்லையம்மாள் மூடியைத் தானே திருகிப் போட்டார், கையைத் தட்டிவிட்டார், பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"யாருடா சொன்னா நின்னுதுன்னு? அம்மனக் கும்புட நிறுத்தினோம். நீ பாத்து வா."

தங்கராசு சாவியைத் திருப்பினார். வெள்ளச்சி ஒரே உறுமலில் பற்றிக்கொண்டாள். ஆலப்பாக்கம் போனது, ஓ.டி. போனது. ஷெட் வாசலில் நின்ற சார்லஸ், உச்சி வெயிலில் நிற்காமல் போகிற வெள்ளச்சியைப் பார்த்துக் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே போட்டான். மஞ்சக்குப்பம் வாசலில் நிறுத்தி, தங்கராசு பின் கதவைத் தன் கையால் திறந்து மகளை இறக்கினார். வளையல் கலகலத்தது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. வெயில் என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். யாரும் நம்பவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் தில்லையம்மாள் மகன் காரில் ஊருக்குக் கிளம்பினார். கொஞ்ச நேரம் கழித்துச் சிவசங்கர் போன் செய்தான்.

"மாமா, வண்டி நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு. அம்மா அந்தப் புளியமரத்தாண்ட நிறுத்தச் சொல்லி எறங்கிட்டாங்க. தேங்கா ஒடச்சு, கன்னத்துல போட்டுட்டு, 'தாயே, உன் பேரச் சொல்லி வாய் கூசாமப் பேசிட்டேன், மன்னிச்சுக்கோ'ன்னு கல்லாண்ட அழுவுறாங்க. எங்கம்மா இப்படிக் கும்புட்டு நான் பாத்ததே இல்ல. என்னா மாமா அந்த அம்மன்?"

தங்கராசு வாசலைப் பார்த்தார். வெள்ளச்சி பக்கத்தில் நாற்காலி போட்டு வினோதினி உட்கார்ந்திருந்தாள். ஞானாம்பாள் விளக்குக்கு மட்டும் பொட்டு வைத்துவிட்டு, மூடிக்கு மேல் ஒரு தூசி இல்லாமல் ஊதிக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப சக்தி உள்ள அம்மன் மாப்ள" என்றார். "எங்களுக்கே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."